போன் படம் பெயின்டிங் மாதிரி வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஷட்டரைத் தொட்டு, உடனே கேலரியைத் திறந்து பாருங்கள். முதல் ஓரிரு நொடி படம் நன்றாகவே இருக்கும். பிறகு கண் முன்னாலேயே சட்டென்று மாறும்: நிழல் வெளுக்கும், ஓரங்கள் கூராகும், முகத்தில் மாவு பூசியது போலாகும். மென்பொருள் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். போன் கேமராவைப் பற்றி வருகிற புகார்களில் பெரும்பகுதி லென்ஸைப் பற்றியதே அல்ல. அந்த ஓரிரு நொடியைப் பற்றியது. அதனால்தான் லென்ஸ் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாலும் பலருக்குப் பலன் இல்லை.

மென்பொருள் ஏன் இவ்வளவு தலையிடுகிறது? பெரிய தொழில்முறைக் கேமராக்களில் இருக்கும் முழு ஃபிரேம் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) 36 × 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். போன்களில் பரவலாக இருக்கும் 1/2 அங்குல வகைச் சென்சார் சுமார் 6.4 × 4.8 மில்லிமீட்டர், பரப்பு 31 சதுர மில்லிமீட்டர்கூட முழுதாக வராது. அவ்வளவு சின்ன இடத்தில் விழும் வெளிச்சமும் கொஞ்சம்தான், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) அதிகம். அதை ஈடுகட்ட போன் அடுத்தடுத்துப் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 9 ஃபிரேம்களைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இது சுத்தமான கணக்கு, இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கோளாறு அதற்கு அடுத்த மூன்று வேலைகளில் இருக்கிறது: மீதி நாய்ஸை வழித்தெடுப்பது, நிழலையும் வெளிச்சத்தையும் சமப்படுத்துவது, ஓரங்களைத் தீட்டுவது. கீழே வரும் அறிகுறிகளில் ஏறத்தாழ பாதி இந்த மூன்றில் ஒன்றின் மிகைதான்.

முதலில் ஒரு சோதனை

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் ஆகும். மற்ற எல்லா முடிவும் இதை வைத்துத்தான்.

பகல் வெளிச்சத்தில் நுணுக்கம் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: பின்னல் துணி, செடியின் இலைகள், ஒருவரின் தலைமுடி. பக்கத்தில் சிறிய எழுத்து அச்சிட்ட காகிதம் ஒன்றை வையுங்கள். போனை எதன் மீதாவது அசையாமல் சாய்த்து, 3 நொடி டைமர் போட்டு, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரே காட்சியை மூன்று முறை எடுங்கள். முதலாவது வழக்கமான ஆட்டோ. இரண்டாவது, ஷட்டர் போன்றவற்றை நீங்களே வைக்கும் ப்ரோ மோடில் வழக்கமான ஜேபெக் படம். மூன்றாவது ரா கோப்பு, அதாவது தீட்டலும் வழிப்பும் படாத சென்சார் தரவு. உங்கள் போனின் கேமரா ஆப்பில் ரா இல்லையென்றால் ஓப்பன் கேமரா, லைட்ரூம் மொபைல் போன்ற ஆப்பில் முயலுங்கள். மூன்றையும் கணினியில், படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ரா கோப்பிலேயே துணியின் இழை மங்கலாக இருந்தால் கோளாறு கண்ணாடியிலோ ஃபோகஸிலோ இருக்கிறது. ரா கோப்பில் இழை தெரிகிறது, மணல் தூவியது போல நாய்ஸும் தெரிகிறது, ஆனால் ஆட்டோ படத்தில் இரண்டுமே காணோம் என்றால் பிரச்சினை மென்பொருளில். எல்லாமே உங்கள் கணினியில் நன்றாக இருந்து, நண்பருக்கு அனுப்பியதும் கெட்டுப்போனால் அனுப்பும் வழியில்.

எந்தப் படமும் தெளிவாக இல்லை, விளக்குகளிலிருந்து கோடுகள் இழுக்கின்றன

விரல் எண்ணெய். மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்; சட்டை நுனியால் தேய்த்தால் எண்ணெய் ஒரே திசையில் பரவி, விளக்குகளின் கோடு இன்னும் நீளும். கேமரா மேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரவு விளக்கைச் சுற்றி வரும் ஒளிவட்டமும் மூடுபனி போன்ற வெளுப்பும் பல நேரம் அதனால்தான்.

துடைத்த பிறகும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் தொகுதி சாய்ந்திருக்கலாம். அதற்கு செட்டிங்கில் மருந்து இல்லை. ப்ரிவ்யூவே நடுங்கினால் படத்தை நிலைப்படுத்தும் ஓஐஎஸ் பாகத்தைச் சந்தேகியுங்கள். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பாரில் போனை நேரடியாக மாட்டி ஓட்டுவதால் இந்தப் பாகம் பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

இலையும் புல்லும் முடியும் ஆயில் பெயின்டிங் போலத் தெரிகின்றன

அதிகம் பேரை வெறுப்பேற்றுவது இதுதான். தூரத்து மரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் சில இலைகள் தனித்தனியாக, கத்தரித்து வைத்தது போலக் கூராக இருக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, வெளிச்சம் கொஞ்சம் குறைந்த கிளையில், இலைகளே இல்லை; பச்சைச் சாயத்தைத் தூரிகையால் இழுத்துவிட்ட தடம்தான் இருக்கும். நாய்ஸ் நீக்கும் மென்பொருளுக்குச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் எல்லாம் ஒன்றுதான். மங்கிய இலைகளுக்கு இடையிலான வேறுபாடும் நாய்ஸும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. மிஞ்சியதை அடுத்த கட்டத்தில் தீட்டுகிறது. அதனால்தான் ஒரே மரத்தில் பாதி கண்ணாடித் துண்டாகவும் பாதி களிம்பாகவும் தெரிகிறது.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

சாம்சங் கேலக்ஸியின் புதிய மாடல்களில் கேமரா செட்டிங்ஸில் "இன்டெலிஜென்ட் ஆப்டிமைசேஷன்" இருக்கும். அதை "மினிமம்" ஆக்குங்கள். அங்கேயே "ஸீன் ஆப்டிமைசர்" இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் மாடலுக்கு "கேமரா அசிஸ்டென்ட்" கிடைத்தால் சாம்சங்கின் குட் லாக் ஆப் வழியாக நிறுவி, படத்தை மென்மையாக்கும் தேர்வை ஒரு படி ஏற்றுங்கள். அது தீட்டலைக் குறைக்கும். அழிந்த இலையைத் திரும்பக் கொண்டுவராது.

மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏஐ கேமரா, ஏஐ என்ஹான்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை நிறுத்துங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஓப்பன் கேமரா. அதன் செட்டிங்ஸில் கேமரா ஏபிஐ (ஆப் கேமராவோடு பேசும் வழி) என்ற இடத்தில் "கேமரா2" தேர்ந்தெடுங்கள். பிறகு எட்ஜ் மோட், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற இரண்டு தேர்வுகளையும் "ஆஃப்" செய்யுங்கள். இவை ஆண்ட்ராய்டு 5.0 முதல் இருக்கிற கேமரா2 ஏபிஐயில் உள்ளவை. ஆனால் போன் தயாரித்தவர் அந்தக் கட்டளையை மதிக்கும்படி கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியிருந்தால்தான் வேலை செய்யும். சில போன்களில் "ஆஃப்" போட்டாலும் படம் ஒரு துளி மாறாது. சோதனைக் காட்சியை மறுபடி எடுத்து ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஐபோனில் தீட்டலைக் குறைக்கத் தனி ஸ்விட்ச் இல்லை. கேமரா செட்டிங்ஸில் "பிரயாரிடைஸ் ஃபாஸ்டர் ஷூட்டிங்" என்பதை நிறுத்தினால், வேகமாக அடுத்தடுத்து எடுக்கும்போது தரம் இறங்குவது நிற்கும். தீட்டல் அப்படியே இருக்கும். உண்மையான மாற்று ரா, அல்லது ஹாலைட் ஆப்பில் 2024இல் வந்த "ப்ராசஸ் ஸீரோ". அது ஒரே ஒரு ஃபிரேமை எடுத்து, ஏஐ எதுவும் சேர்க்காமல் தரும். பகலில் நாய்ஸ் துகளோடு அழகாக வரும். மங்கிய அறையில் எடுத்தால் நாய்ஸ் மட்டும்தான் வரும்.

50 மெகாபிக்சல் மோடுக்கு மாறினால் தீருமா என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல வெயிலில் ஓரளவு தீரும். வழக்கமாக நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் 50 மெகாபிக்சல் சென்சார் 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. முழு மோடில் அந்தச் சேர்க்கை இல்லை. நான்கு பிக்சல்களும் ஒரே நிற ஃபில்டரின் கீழ் இருப்பதால், இடையில் உள்ள நிறத்தை மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. நிழலான இடத்திலும் வீட்டுக்குள்ளும் இந்த மோடைத் தவிருங்கள். நாய்ஸ் கூடும், நாய்ஸ் கூடினால் வழிப்பும் கூடும்.

வானத்துக்கு எதிரே கிளையைச் சுற்றி வெள்ளைக் கோடு

தீட்டலின் நேரடி விளைவு. கறுப்பு ஓரத்தை இன்னும் கறுப்பாக்கி, அதை ஒட்டியுள்ள வானத்தை இன்னும் வெளுப்பாக்கினால் கண்ணுக்கு "கூர்மை" என்று படும். சின்னத் திரைக்கு அது போதும். பெரிதாக்கினால் கோடு. மின்கம்பி, கூரை விளிம்பு, மலை முகடு எல்லாவற்றிலும் வரும். மேலே சொன்ன வழிகளே இதற்கும். எடுத்து முடித்த ஜேபெக்கில் இதை நீக்க வேண்டுமானால் லைட்ரூமில் டெக்ஸ்ச்சர், கிளாரிட்டி இரண்டையும் −10 முதல் −20 வரை இறக்கிப் பாருங்கள். கோடு மங்கும், போகாது.

கோடு மெல்லியதாக இல்லாமல், கட்டடத்தைச் சுற்றி அகலமாக ஒளி கசிவது போல இருந்தால் அது தீட்டல் அல்ல, எச்டிஆர், அதாவது நிழலையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் வேலை. அடுத்ததைப் பாருங்கள்.

நிழலே இல்லை, படம் தட்டையாக இருக்கிறது

மாலை வெயில் ஜன்னல் வழியே விழுந்து பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. கண்ணுக்கு அந்த இருட்டுதான் அழகு. போனுக்கு அது சரிசெய்ய வேண்டிய பிழை. படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருண்ட பகுதியைத் தூக்கி, வெளிச்சமான பகுதியை இறக்கி, எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. விவரம் எல்லாம் தெரிகிறது. மாலை வெயில் மட்டும் இல்லை.

நிழலைத் தூக்கினால் அங்கே ஒளிந்திருந்த நாய்ஸும் கூடவே எழும். அதை வழிக்க மென்பொருள் மறுபடி இறங்கும். ஆகவே எச்டிஆரைக் குறைத்தால் ஆயில் பெயின்டிங் தொல்லையும் பாதி குறையும். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எந்தப் போனிலும் செல்லுபடியாகும் வழி எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவை, இறக்குவது. −0.3இல் தொடங்குங்கள், எதிர் வெளிச்சம் என்றால் −0.7. ஐபோனில் இது ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குப் போகாமல் இருக்க, கேமரா செட்டிங்ஸில் "ப்ரிசர்வ் செட்டிங்ஸ்" உள்ளே எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட்டை இயக்குங்கள். கூகுளின் பிக்சல் போனில் வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும், நிழலுக்கானதை இறக்குங்கள். வெளிச்சத்தைத் தொடவே வேண்டாம்.

எச்டிஆரையே நிறுத்த முடியுமா? கேலக்ஸியில் கேமரா அசிஸ்டென்ட்டில் "ஆட்டோ எச்டிஆர்" ஸ்விட்ச் இருக்கிறது. ஐபோனில் 12 வரிசை வரை ஸ்மார்ட் எச்டிஆரை அணைக்க முடிந்தது, 13 முதல் அந்த ஸ்விட்சே இல்லை. அதற்குப் பதில் 13 முதல் ஃபோட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ் இருக்கிறது. 13 முதல் 15 வரிசை வரை அதில் "ரிச் கான்ட்ராஸ்ட்" தேர்ந்தெடுங்கள், அல்லது டோனை மட்டும் மைனஸ் பக்கம் இழுங்கள்; 16 முதல் அந்தப் பெயர் இல்லை, டோன்தான் வழி. நிழல் நிழலாகவே நிற்கும். இது எடுத்து முடித்த பின் பூசும் ஃபில்டர் அல்ல. படம் உருவாகும்போதே வேலை செய்வதால் முகத்தின் நிறம் அதிகம் சிதையாது.

முகம் மெழுகு பொம்மை போல இருக்கிறது

முதலில் பியூட்டி. பல போன்களில் அது செல்ஃபிக்குத் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஸ்லைடரை 0க்குக் கொண்டுவாருங்கள். முன் கேமரா, பின் கேமரா, போர்ட்ரெய்ட் மோட், வீடியோ நான்கிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஓர் இடத்தில் அணைத்தால் மற்ற இடங்களுக்கும் சேரும் என்று உறுதியில்லை. ஃபில்டர் ஐகானுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எல்லாம் 0இல் இருந்தும் பாட்டியின் கன்னச் சுருக்கம் காணாமல் போகிறதா? அப்படியானால் பியூட்டி அல்ல, நாய்ஸ் வழிப்பு. தோலின் நுண்வரிகள் மங்கிய ஏற்ற இறக்கங்கள்தானே, இலைக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்கிறது. வழி வெளிச்சம்: ஆளை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 800இல் அழியும் சுருக்கம் 100இல் அப்படியே வரும். வயதான முகங்களை எடுக்கும்போது இந்தச் சிரமத்தை மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருக்கங்களுக்காகத்தான் படத்தையே எடுக்கிறோம்.

கறுத்த நிறத்தவரின் முகம் வெளிறிப்போவதும் இதே குடும்பம்தான். முகத்தைக் கண்டதும் மென்பொருள் அதைத் தூக்குகிறது. முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, சூரியன் ஐகானைக் கீழே இழுத்து, நிறம் சரியாகும் வரை இறக்குங்கள்.

மூக்கு பெரிதாகத் தெரிந்தால் அது மென்பொருளின் குற்றமே இல்லை, தூரத்தின் குற்றம். ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று 2 எக்ஸில் எடுங்கள்.

ஜூம் செய்தால் எழுத்து எழுத்தாக இல்லை

தூரத்துப் பெயர்ப்பலகையை 30 எக்ஸில் எடுத்தால் கூரான, ஆனால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் வருகின்றனவா? விவரம் இல்லாத இடத்தில் மென்பொருள் தானாக விவரம் எழுதுகிறது. சாட்சியாகவோ ஆவணமாகவோ பயன்படும் எதையும் இப்படி எடுக்காதீர்கள்.

போனில் உண்மையான லென்ஸ் இருக்கும் எண்களிலேயே நில்லுங்கள்: 1 எக்ஸ், டெலி லென்ஸ் (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) இருந்தால் 3 அல்லது 5 எக்ஸ். 2 எக்ஸ் பெரும்பாலும் பெரிய சென்சாரின் நடுப்பகுதியை வெட்டியெடுப்பது. பகலில் அதுவும் நல்லதே. 2.7, 4.6 போன்ற இடைப்பட்ட எண்கள் எல்லாம் வெட்டிப் பெரிதாக்கியவை. 

5 எக்ஸை அழுத்தினால் 5 எக்ஸ் லென்ஸ்தான் வேலை செய்கிறது என்றும் நம்பிவிடக் கூடாது. வெளிச்சம் குறைவாக இருந்தாலோ பொருள் மிக அருகில் இருந்தாலோ போன் சத்தமில்லாமல் பிரதான லென்ஸுக்கு மாறி வெட்டித் தரும். கண்டுபிடிப்பது எளிது: டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அந்த லென்ஸ் வேலையில் இருக்கிறது. இருளவில்லையென்றால் வேறு லென்ஸ்.

அருகில் எடுத்தால் நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல்

சென்சார் பெரிதாகப் பெரிதாக, ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்சத் தூரமும் கூடுகிறது. இன்றைய பெரிய சென்சார் போன்கள் பலவற்றில் பிரதான லென்ஸுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வேண்டும். அதற்குள் போனால் மங்கும், அல்லது அகலமான காட்சிக்கான அல்ட்ராவைட் லென்ஸுக்குத் தாவும். தாவியதும் தரம் இறங்கும். 30 சென்டிமீட்டர் தள்ளி வந்து 2 எக்ஸில் எடுங்கள். 13 ப்ரோ முதலான ஐபோன் ப்ரோ மாடல்களில் "மேக்ரோ கன்ட்ரோல்" இயக்கினால் திரையில் பூ ஐகான் வரும், அதைத் தொட்டுத் தாவலை நிறுத்தலாம். கேலக்ஸியில் கேமரா அசிஸ்டென்ட்டின் "ஆட்டோ லென்ஸ் ஸ்விட்சிங்".

ஓடும் குழந்தைக்கு இரண்டு கை கூடுதல்

பல ஃபிரேம்களைச் சேர்க்கும்போது அசைந்த பகுதி ஒட்டவில்லை. நைட் மோடை அணைத்துவிட்டு, ப்ரோ மோடில் ஷட்டரை 1/250 நொடியில் வையுங்கள். ஓட்டம் வேகமென்றால் 1/500. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். நாய்ஸ் வரும், வரட்டும். நாய்ஸோடு இருக்கும் முகம் மங்கிய முகத்தைவிட எப்போதும் மேல்.

எல்இடி வெளிச்சத்தில் கிடைக்கோடுகள் வந்தால் ஷட்டர் விளக்கின் துடிப்போடு பொருந்தவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/120 அல்லது 1/60.

என் போனில் நன்றாக இருக்கிறது, அனுப்பினால் கெடுகிறது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் பிழியப்படும். 2023 முதல் எச்டி தேர்வு இருக்கிறது, அதுவும் மூலப்படம் அல்ல. மாறாமல் போக வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள்.

படத்தைத் திறந்ததும் திரை திடீரென்று பளீரென்று ஏறினால் படம் கெடவில்லை. எச்டிஆர் காட்சிக்கான கூடுதல் தகவலைத் திரை பயன்படுத்துகிறது. ஐபோனில் போட்டோஸ் செட்டிங்ஸில் "வியூ ஃபுல் எச்டிஆர்" அணைத்தால் அடங்கும்.

இவை எதுவும் போதாதென்றால்: ரா

12 மெகாபிக்சல் ரா கோப்பு 25 எம்பி வரை வரும். ஐபோனின் ரா வகையான 48 மெகாபிக்சல் ப்ரோரா என்றால் சுமார் 75 எம்பி. ஆகவே எல்லாவற்றையும் ராவில் எடுக்காதீர்கள்.

ராவிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண ரா ஒரே ஃபிரேம்: பகலுக்கு நல்லது, இரவில் நாய்ஸ் தாங்காது. ஆப்பிள் ப்ரோரா, சாம்சங்கின் எக்ஸ்பர்ட் ரா ஆகியவை பல ஃபிரேம்களைச் சேர்த்த பிறகு தருபவை: நாய்ஸ் குறைவு, தீட்டலும் நிழல் தூக்கலும் உங்கள் கையில். மங்கிய வெளிச்சத்துக்கு இரண்டாவது வகைதான்.

லைட்ரூமில் டிஎன்ஜி (ரா கோப்பின் வடிவம்) கோப்பைத் திறந்ததும் ஷார்ப்பனிங் பொதுவாக 40இல் நிற்கும். 25க்கு இறக்குங்கள். ரேடியஸ் 0.8, மாஸ்க்கிங் 50: மாஸ்க்கிங் ஏற ஏற, வானமும் தோலும் தீட்டலிலிருந்து தப்பும். லூமினன்ஸ் நாய்ஸ் ரிடக்‌ஷன் 10 முதல் 20க்குள். 40ஐத் தாண்டினால் எதிலிருந்து தப்பி வந்தோமோ அங்கேயே திரும்பிப் போய்விடுவோம். கலர் நாய்ஸ் ரிடக்‌ஷன் 25 இருக்கட்டும். நிறப் புள்ளிகளை நீக்கினால் நுணுக்கம் அவ்வளவாக அழியாது. ஹைலைட்ஸ் −30, ஷேடோஸ் +15. ஷேடோஸை +30க்கு மேல் ஏற்றத் தோன்றினால் கையை எடுத்துவிட்டு, படத்தைச் சிறிதாக்கி ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் நிழல் சரியாகத்தான் இருக்கும்.

சரிசெய்த செட்டிங்குகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் அப்டேட் வந்தால் சில தேர்வுகள் பழைய நிலைக்குத் திரும்பலாம், சில வேறு பெயருக்கு மாறலாம். அப்டேட் ஆன அன்றே அதே துணி, அதே காகிதம், அதே ஒன்றரை மீட்டரில் ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.